கல்லில் பதியும் கால்

பாறை ஏறுகிறவர்களைப் பார்க்க உட்காரும் எவருக்கும் கண் முதலில் கைக்குத்தான் போகும். விரல் நுனியில் தொங்கும் உடம்பும் புடைத்து நிற்கும் முன்கை நரம்புகளும் பார்த்தவுடனே மனதைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் இந்தக் கலையின் ருசி காலில் இருக்கிறது. நன்றாக ஏறத் தெரிந்த ஒருவரின் பாதத்தை மட்டும் ஒரு காலைப் பொழுது பார்த்துப் பழகிவிட்டால், பிறகு கையைப் பார்க்கத் தோன்றாது.

அவர் கால் வைக்கப்போகும் இடத்தை முதலில் பார்ப்பார். பார்வை அங்கிருந்து எடுபடாமலே கட்டைவிரல் முனை அந்த இடத்தைத் தொடும். தொட்ட பிறகு கால் நகராது, தட்டாது, தேய்க்காது. அதன்பின் உடம்பின் எடை மெதுவாக அந்தக் காலுக்கு மாறும். பழகாதவர் காலைப் பாறையில் எங்கோ எறிந்துவிட்டு, இரண்டு முறை சொறிந்து இடம் தேடுவார். அந்தச் சொறியும் சத்தம் கீழே நிற்பவருக்குக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் தேர்ந்தவர், யார் புதியவர் என்று சொல்லிவிடலாம்.

எனக்குக் காலைப் பார்க்கும் பழக்கம் வந்தது கடற்கரையில். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கள் கரைக்கு மணல் அதிகம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் மதில்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வடக்கே கரையோடு நகர்ந்துகொண்டிருந்த மணல் துறைமுகத்தின் தென்பக்கத்தில் தங்கிவிட்டது. மெரினா அகன்றது, வடக்கே கடல் கரையைத் தின்றது. அதற்கு மாற்றாக அரசு கொட்டியதுதான் இன்று எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கிடக்கும் கருங்கற்களும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும். ஆள் உயரக் கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கோணல்மாணலாக. குப்பத்துப் பிள்ளைகள் அவற்றின்மேல் வெறுங்காலோடு ஓடுவார்கள். ஒரு பையன் என்னைப் பார்த்துக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணே, பச்சையா கீற கல்லுல கால வெக்காத, வழுக்கும். காஞ்ச கல்லாப் பாத்து மெரி!” அவன் சொன்னதில் பாறை ஏற்றத்தின் முதல் பாடம் முழுசாக இருக்கிறது. கல் எப்படி இருக்கிறது என்பதைக் கண் சொல்ல வேண்டும், கால் அதை நம்ப வேண்டும்.

இரண்டாவது காரணம் என் பிழைப்பு. திருவொற்றியூர் ரப்பர் ஊர். 1946இல் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஒரு கொட்டகை போட்டது இங்கேதான். 1952இல் டிரெட் ரப்பரில் இறங்கி, அறுபதுகளில் டயர் வரை போய், எம்ஆர்எஃப் என்ற பெயரானது அந்தக் கொட்டகை. அதைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக ரப்பர் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் ஒன்றில், கார்பன் பிளாக் ஒட்டிய கையோடு, கம்பவுண்ட் சோதனை செய்து காலம் தள்ளியவன் நான். ஒரு துண்டு ரப்பரைக் கையில் கொடுத்தால் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் இருக்க முடியாது. அப்படி அழுத்திப் பார்த்த ஒரு ஜோடி காலணிதான் என்னைப் பாறைப் பக்கம் இழுத்தது.

மலையேற்றம் வேறு, பாறை ஏற்றம் வேறு. இங்கே சிகரம் இலக்கு இல்லை. பத்துப் பதினைந்து மீட்டர் உயரமுள்ள ஒரு செங்குத்துப் பாறை முகம் போதும். அதில் முன்கூட்டியே துளையிட்டு எஃகு போல்ட்களைப் பதித்து வைத்திருப்பார்கள். ஏறுகிறவர் இடுப்பு ஹார்னஸில் எட்டு வடிவ முடிச்சுப் போட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, போகப் போக ஒவ்வொரு போல்டிலும் ஒரு கொக்கியை மாட்டி அதில் கயிற்றைச் செலுத்துவார். கீழே நிற்கும் கூட்டாளி கயிற்றைத் தளர்த்தியும் இழுத்தும் காவல் காப்பார். அதற்குப் பெயர் பிலே. விழுந்தால் கயிறு பிடிக்கும். அந்தக் கயிறு நைலான். உள்ளே முறுக்கிய இழைகள், வெளியே பின்னிய உறை. ஜெர்மனியின் ஏடல்ரிட் நிறுவனம் 1953இல் கொண்டுவந்த அமைப்பு அது. இழுத்தால் கொஞ்சம் நீளும், அந்த நீட்சிதான் விழுகிறவரின் இடுப்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் கயிறும் போல்டும் ஏறுவதற்கு உதவக் கூடாது. அவற்றைப் பிடித்து இழுத்தாலோ, அவற்றில் தொங்கி இளைப்பாறினாலோ அது ஏறியதாகக் கணக்கில் வராது.

இந்த நேர்மைக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. தெற்கு ஜெர்மனியில் நூரெம்பெர்க் நகருக்கு வடக்கே பிராங்கன்யூரா என்று ஒரு சுண்ணாம்புப் பாறைப் பிரதேசம். வீசென்ட், பெக்னிட்ஸ், ட்ரூபாக் என்று சின்னச் சின்ன ஆறுகள். அவற்றின் பள்ளத்தாக்குகளில் பீச் மரக் காடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் தலை நீட்டும் பாறைகள். வீசென்ட் பள்ளத்தாக்கில் ஷ்ட்ரைட்பெர்க் கிராமத்துக்கு மேலே நிற்கும் ஒரு பாறையில்தான் குர்ட் ஆல்பர்ட் என்ற இளைஞர் 1975இல் ஒரு பாதையின் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தார். அதற்கு முன் அங்கே ஆணிகளை அடித்து, ஆணியைப் பிடித்து, ஆணியில் ஏணி தொங்கவிட்டு ஏறுவதுதான் வழக்கம். ஆல்பர்ட் கையும் காலும் மட்டும் கொண்டு அதே பாதைகளில் ஏறிப் பார்த்தார். ஓர் ஆணியைக்கூடப் பிடிக்காமல் முழுப் பாதையும் ஏறி முடித்ததும் அடியில் சிவப்புப் புள்ளி. ரோட்புங்க்ட் என்றார்கள். உலகம் முழுக்க இன்று ரெட்பாயிண்ட் என்கிறார்கள்.

அதன் விதி எளிது. எத்தனை முறை வேண்டுமானாலும் விழலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் ஒத்திகை பார்க்கலாம். ஆனால் ஒரு முறையாவது தரையிலிருந்து உச்சி வரை விழாமல், தொங்காமல் ஏறிவிட வேண்டும். கச்சேரிக்கு முன் வித்வான் ஒரு பல்லவியை வீட்டில் எத்தனை நாள் பாடிப் பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை, மேடையில் அது ஒரே மூச்சில் வந்து நிற்க வேண்டும்; அதே ஒழுங்குதான் இது. ஒத்திகையில் கை பலப்படும் என்று நினைப்போம். உண்மையில் பாடமாவது கால். எந்த அசைவுக்கு எந்தக் குழியில் இடதுகால், முழங்காலை உள்ளே திருப்ப வேண்டுமா வெளியே வைக்க வேண்டுமா என்று பாதம் மனப்பாடம் செய்கிறது. ஆல்பர்ட் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். எடை எங்கே விழுகிறது என்ற கணக்கை அவர் உடம்பால் போட்டுப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சுண்ணாம்புப் பாறையில் கால் வைப்பது தனி வித்தை. பிராங்கன்யூரா பாறை சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் உருவானது. கடற்பஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து, இறந்து, இறுகிய திட்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, அந்தப் பாறையைத் துளித்துளியாகக் கரைத்தது. அப்படி உண்டானவைதான் அதன் முகமெங்கும் இருக்கும் குழிகள். சில குழிகளில் நான்கு விரல் போகும். சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஒன்று. கைக்குக் குழி கிடைத்தால் போதும், உள்ளே விரலை மடக்கிக்கொள்ளலாம். காலணி முனைக்கு அந்தச் சலுகை கிடையாது. குழியின் விளிம்பில் ஒரு சின்ன உதடுதான் கிடைக்கும். அதில் கட்டைவிரலின் உள்பக்க முனையை நிறுத்தி, குதிகாலைத் தாழ்த்தாமல், நடுங்காமல் நிற்க வேண்டும்.

அந்தக் கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. எல்லாரும் மிதிக்கும் இடம் பத்து இருபது ஆண்டுகளில் கண்ணாடியாகிவிடும். கருங்கல் இவ்வளவு சீக்கிரம் மழுங்காது, சுண்ணாம்புக்கல் மழுங்கும். புகழ்பெற்ற பாதைகளின் அடியில் வெயில் பட்டால் காலடிகள் மட்டும் பளபளக்கும். அங்கே முன்னால் போனவர்கள் அத்தனை பேரின் காலும் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பின்னால் வருகிறவருக்கு அதே இடம்தான் வழுக்கும்.

நம்மிடமும் கடலில் பிறந்த சுண்ணாம்புக்கல் உண்டு. அரியலூர், டால்மியாபுரம் பக்கம் தோண்டினால் அம்மோனைட் புதைபடிவங்கள் வரும். நிலம் அங்கே தட்டை, பாறை முகமாக எழும்பவில்லை. அது சிமெண்டாகி வீடாகிவிட்டது. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்போ கிளிஞ்சலாகவே கிடைத்தது. எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தான் பழைய மதராஸின் சுவர்களைப் பளிங்குபோல் பூசினார்கள். சுண்ணாம்புப் பாறையில் ஏற வேண்டும் என்றால் தமிழர் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது.

பிராங்கன்யூராவின் உச்சம் என்று எல்லாரும் சொல்வது வோல்ஃப்காங் கூலிஷ் 1991இல் ஏறிய ஆக்‌ஷன் டிரெக்ட். வால்ட்கோப்ஃப் என்ற பாறையில், காட்டுக்குள், தலைக்கு மேல் சாய்ந்து நிற்கும் ஒரு குட்டிச் சுவர். ஒரு விரலும் இரண்டு விரலும் நுழையும் குழிகள்தான் பிடி. தொடக்கமே ஒரு தாவல்: தரையருகே இருக்கும் பிடியிலிருந்து பாய்ந்து, மேலே உள்ள ஒரு குழிக்குள் விரல் போக வேண்டும். 9ஏ என்ற கடினத் தரம் அதோடுதான் தொடங்கியது என்பது பொதுக் கருத்து. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் ரேவன் டார் பாறையில் பென் மூன் ஏறிய ஹப்பிள்தான் முதலாவது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அதுவும் சுண்ணாம்புப் பாறைதான்.

கூலிஷைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் விரலைப் பற்றியே பேசுவார்கள். பேசக் காரணமும் உண்டு. நூரெம்பெர்க்கில் கேம்பஸ் என்ற உடற்பயிற்சிக் கூடத்தில், சாய்வான பலகையில் மரச் சட்டங்களை ஏணிபோல் அடித்து, காலைத் தொங்கவிட்டு விரல்களால் மட்டும் ஏறிப் பழகியவர் அவர். உலகின் பல ஏறும் கூடங்களில் இன்று அந்தக் கேம்பஸ் பலகை இருக்கிறது. ஆனால் ஆக்‌ஷன் டிரெக்டின் அந்தத் தாவலைப் படத்தில் பாருங்கள். பாய்ச்சலைக் கிளப்புவது கால். பாறையிலிருந்து பாதம் எப்போது விடுபடுகிறது, குழிக்குள் விரல் சேர்ந்ததும் ஊசலாடும் உடம்பைத் திரும்ப அடக்கி முதலில் எந்தக் கால் பாறைக்கு வருகிறது என்று பார்த்தால்தான் அந்தத் தாவல் எவ்வளவு துல்லியமானது என்று புரியும். காலில்லாமல் பயிற்சி செய்த மனிதர், கால் எதற்கு என்று மற்ற எவரையும்விட நன்றாக அறிந்திருந்தார். ‘கிளிஃப்ஹேங்கர்’ படத்தில் ஸ்டாலோனுக்குப் பதிலாகப் பாறையில் தொங்கியவரும் அவரே. அந்தப் படம் 1993இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய ஆகஸ்டில் கார் விபத்தில் போய்விட்டார். 2020இல் மெலிசா லெ நெவே என்ற பிரெஞ்சுப் பெண் அதே பாதையை ஏறினார். பெண்களில் அவரே முதல்வர்.

இனி, என்னைப் பாறைப் பக்கம் இழுத்த அந்தக் காலணி. 1982இல் ஸ்பெயினின் பொரியால் நிறுவனம் ஃபீரே என்ற ஜோடியை வெளியிட்டது. அதுவரை இருந்த காலணிகளின் ரப்பர் கெட்டியானது, பாறையில் நிற்கும், ஒட்டாது. இது ஒட்டியது. மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் சார்ல்ஸ் கோல் ஃபைவ் டென் நிறுவனத்தைத் தொடங்கி ஸ்டெல்த் என்ற ரப்பரைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நேற்றுவரை வழுக்கிய இடங்களில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள்.

இதை ரப்பர்காரன் பாஷையில் சொல்கிறேன். சோதனைக்கூடத்தில் ஒரு வேலை, ரப்பர் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்ப்பது. குண்டைப் போட்டால் எவ்வளவு உயரம் திரும்பி வருகிறது என்பது அதன் குணத்தைச் சொல்லிவிடும். டயருக்கு நன்றாகத் துள்ளுகிற ரப்பர் வேண்டும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. நசுங்கும்போது வாங்கிய சக்தியைத் திருப்பித் தராமல் விழுங்கிக்கொண்டால் அது சூடாகும். லாரி டயர் சூடானால் என்ன ஆகும் என்று நெடுஞ்சாலையில் போகிற எல்லாருக்கும் தெரியும். அதனால் துள்ளாத ரப்பரை நாங்கள் ஒதுக்குவோம். ஏறும் காலணிக்கு அந்த ஒதுக்கிய குணம்தான் வேண்டும். பாறையின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் ரப்பர் மெல்ல இறங்கி, இறங்கிய இடத்திலேயே கிடக்க வேண்டும். பழைய வடிவத்துக்குத் திரும்ப அது அவசரப்பட்டால் கால் நழுவும். அந்தக் காலணியின் முனையை முதல்முறை கட்டைவிரலால் அழுத்தியபோது, விரல் எடுத்த பிறகும் பள்ளம் ஒரு கணம் தயங்கி நின்றது. எங்கள் பட்டறையில் தள்ளுபடியாகியிருக்கும் அந்தத் தயக்கத்தைப் பார்த்து நான் அன்று ஆசைப்பட்டேன்.

குளிரில் பாறை ஏறுவதற்கும் இதுவே காரணம். வெயிலில் ரப்பர் இளகி விளிம்பில் உருண்டுவிடும், விரலும் வியர்க்கும். விரலுக்கு மக்னீசியம் கார்பனேட் பொடி உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய அமெரிக்கர் ஜான் கில் ஐம்பதுகளில் பாறைக்குக் கொண்டுவந்த வழக்கம் அது. காலுக்கு அப்படி ஒரு பொடி இல்லை. ஏறுமுன் உள்ளங்கையால் சோலைத் துடைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நம் பக்கத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாதாமிக்குப் போக வேண்டும். வட கர்நாடகம், பாகல்கோட்டை மாவட்டம். தமிழர்களுக்கு அது வாதாபி. 642இல் நரசிம்மவர்மப் பல்லவன் பிடித்த சாளுக்கியத் தலைநகர். அவன் பெயர் பொறித்த கல்வெட்டு அங்குள்ள பாறையில் இன்றும் இருக்கிறது. அகத்திய தீர்த்தம் என்ற ஏரியைச் சுற்றிச் செம்மணற்கல் பாறைகள், அவற்றுக்குள் 6ஆம் நூற்றாண்டுக் குகைக் கோயில்கள். கோயிலை ஒட்டியும், ஊருக்கு வெளியேயும், போல்ட் பதித்த ஏறுபாதைகள் ஏராளம். அவற்றில் பேர்போனது கணேசா. 8பி+ தரம், நம் நாட்டின் மிகக் கடினமான பாதைகளில் வைத்துப் பேசப்படுவது. வாதாபி கணபதியைத் தெரிந்த நமக்கு அந்தப் பெயரே ஒரு சந்தோஷம். புனேயின் துஹின் சதார்கர் அதை ஏறியவர். யோசெமிட்டியின் டான் வாலை 2016இல் ஏறிய செக் நாட்டு ஆடம் ஓன்ட்ராவும் பாதாமிக்கு வந்து ஏறிவிட்டுப் போனவர்தான்.

அங்கே சுண்ணாம்புக் குழிகள் கிடையாது. கிடைமட்டமாகப் படிந்த மணற்கல் அடுக்குகள், அடுக்குக்கு அடுக்கு ஒரு சின்ன விளிம்பு. ஒரு மார்கழிக் காலை, நிழலில் இருந்த ஒரு பாதையில் பெங்களூர்ப் பெண் ஒருத்தி ஏறுவதைப் பார்த்தேன். பாதி உயரத்தில் பாறை கொஞ்சம் முன்னால் சாய்கிறது. இடது கைக்கு நல்ல பிடி, வலது கைக்கு எட்டாத தூரத்தில் அடுத்த விளிம்பு. பலமுள்ளவர்கள் அங்கே கையை மடக்கித் தம் பிடித்து எட்டுவார்கள். அவள் வலது காலணியின் வெளிப்பக்க விளிம்பை, பென்சில் கனம்கூட இல்லாத ஒரு மடிப்பில் வைத்தாள். முழங்காலை உள்ளே திருப்பிக் கீழே தாழ்த்தினாள். இடுப்பு பாறையோடு ஒட்டியது. இடுப்பு ஒட்டியதும் தோள் உயர்ந்தது, கை நீளாமலே தூரம் குறைந்தது. விளிம்பை அவள் எட்டிப் பிடித்தபோது அவசரமே இல்லை. அந்த நேரம் முழுக்க அவள் வலது பாதம் மடிப்பில் ஒரு நூல்கூட அசையவில்லை. கீழே பிலே பிடித்தவரைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குரங்குகளும் சுற்றுலாப் பிள்ளைகளும் குகைப் பக்கம் இருந்தார்கள்.

கயிறில்லாமல் ஏறுகிறவர்களின் வழி தனி. தேனி மாவட்டத்தில் பிறந்து கர்நாடகத்தில் வளர்ந்த ஜோதிராஜ், சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் குரங்கைப் பார்த்து ஏறப் பழகியவர். கோத்தி ராஜா என்றால் அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவர் துணிச்சல் பெரிது, ஆனால் என் மனம் கயிறு கட்டிய ஏற்றத்தின் பக்கம்தான். விழலாம் என்ற அனுமதி இருப்பதால்தான் அங்கே காலை இவ்வளவு மெல்லிய இடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஒலிம்பிக்கில் 2021 டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் தங்கம் வாங்கிய ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் ஏறுவதைப் பார்க்கும்போதும் இதைத்தான் தேடுவேன். செயற்கைச் சுவரில் பிளாஸ்டிக் பிடிகள் வண்ணம் காட்டிக் காலை அழைக்கின்றன. கல் அழைக்காது. அதனால் சுவரில் வென்றவர் கல்லிலும் நன்றாக நிற்கிறாரா என்று பார்ப்பதில் எனக்குத் தனி ஆர்வம்.

பாதாமிக்குப் போகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. ஹுப்ளி போய், கதக் வழியாக சோலாப்பூர் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் பாதாமி நிலையத்தில் இறங்கலாம். வெயில் எந்தச் சுவரில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு எதிர்ச் சுவருக்குப் போங்கள், ஏறுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள். பாறைக்கு ரொம்பக் கிட்டே உட்கார்ந்தால் பாதத்தின் அடிதான் தெரியும். பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும்.

அவர்கள் இறங்கியதும் காலணியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டயரின் தேய்மானத்தைப் பார்த்து வண்டி எப்படி ஓடியது என்று சொல்வார்கள். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட் சரியில்லை. காலணியும் அப்படியே பேசும். காலை இழுத்து இழுத்து ஏறுகிறவரின் காலணியில் விரல்களுக்கு மேல்பக்கம் சுற்றி வரும் மெல்லிய ரப்பர் பட்டி உராய்ந்து கிழிந்திருக்கும். அந்தப் பெண்ணின் காலணியில் பட்டி புதிதுபோல் இருந்தது. கட்டைவிரலின் உள்முனையில் மட்டும், எட்டணா அகலத்துக்கு, சோல் தேய்ந்து காகிதமாகியிருந்தது. இரண்டு காலிலும் ஒரே இடம், ஒரே அளவு. அந்தக் காகிதமும் போய்ப் பட்டியில் ஓட்டை விழுந்தால் புதுச் சோல் ஒட்டுவது சிரமம். உள்கூடு கெடுவதற்குள் டயரை ரீட்ரெடிங்குக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வதும் அதனால்தான். அவளிடம் அதைச் சொன்னேன். ஊருக்குப் போனதும் முதல் வேலையாகச் சோல் மாற்றக் கொடுக்கிறேன் என்றாள், சொல்லிவிட்டு அதே காலணியை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பாதைக்குப் போனாள்.